காத்திருப்பு அறையில் பயணம் செய்தவர்

ரயில்வே விதிப் புத்தகத்தை ஒருவர் கடையில் கேட்டு வாங்கி, அட்டை போட்டு, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு கிழித்துப் படிப்பார் என்று ரயில்வேயே எதிர்பார்த்திருக்காது. முத்திரை படித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

முத்திரை என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, கடைக்காரர்கள் வைத்தது. எடையளவுத் துறையில் ஆய்வாளர். தராசின் முள் மயிரிழை விலகியிருந்தாலும் போதும், கம்பியைச் சுற்றி, ஈயக் குண்டை வைத்து, குறட்டால் நசுக்கி முத்திரை போட்டு அந்தத் தராசை முடக்கிவிடுவார். அப்புறம் அதை அவிழ்க்க வேண்டுமென்றால் படிவம் வேண்டும், படிவத்தோடு சான்று வேண்டும், சான்றோடு விளக்கம் வேண்டும். இவர் தலை தெரிந்தாலே கடைத்தெரு முழுக்க எழுந்து நிற்கும். இருபத்தைந்து வருஷமாக அதை மரியாதை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா இருக்கும் ஊரில் வேலையாக இருந்தபோது, அக்கா வீட்டுக்காரரின் கடைக்கும் ஆய்வுக்குப் போனார். மாமாவுக்கு இரும்புக் கடை. ஆணி, திருகு, கம்பி எல்லாம் எடை போட்டு விற்பவர். தராசு அரை ஆணி அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "காலைலதான் இடம் மாத்தி வச்சேன் மாப்ள, தரை சரியில்ல" என்றார் மாமா. எழுதிக் கொடுங்கள் என்றார் இவர். மாமா எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் தபாலில் பதில் போனது: "தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. ஏற்புடையதாக இல்லை." கீழே இவருடைய கையெழுத்து. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தார். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினாள்.

இப்போது மாமாதான் போன் செய்தார். "உங்க அக்காவுக்கு இதயத்துல ஆபரேஷன். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணுமாம். அவதான் கேக்கறா, நான் கேக்கல."

முத்திரைக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அக்காவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதைப் பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தார். நல்லவேளையாக அதே வாரம் சனிக்கிழமை தலைநகரத்தில் துறை மாநாடு. 'அப்பழுக்கற்ற சேவை'க்கான சான்றிதழை இவருக்கு மேடையில் தரப்போகிறார்கள். அக்கா ஊர் அந்த வழியில்தான்.

"ரெண்டு டிக்கெட்டா எடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. "அக்கா ஊர் வரைக்கும் ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணு."

முத்திரை புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். "பதினேழாம் விதி. தொலைதூர டிக்கெட்டு வச்சிருக்கறவன் நடுவுல ஒரு தடவை இறங்கி ரெண்டு நாள் தங்கலாம். அதே டிக்கெட்டுல மேல போகலாம். இப்படி ஒரு உரிமை இருக்கும்போது ரெண்டு டிக்கெட் எடுக்கறது விதியை அவமானப்படுத்தற மாதிரி."

மனைவி மேற்கொண்டு பேசவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ரயில் அந்த ஊரில் நின்றது. பெட்டியோடு இறங்கினார். நிலையத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை. மூன்றாவது மாடியில் பச்சைத் திரை போட்ட ஜன்னல் என்று மாமா சொல்லியிருந்தார். பிளாட்பாரத்திலிருந்தே தெரிந்தது. நடந்தால் நாலு நிமிஷம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது, அவசரமே இல்லை என்று முகத்தைக் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு வாயிலுக்குப் போனார்.

வாயிலில் இருந்த டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டை முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"இது இந்த ஊருக்கு இல்லையே."

"நடுவுல இறங்கறேன். பதினேழாம் விதி."

"தெரியும். பின்னாடி ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கணுமே?"

"வெளிய போயிட்டு வந்து வாங்கிக்கட்டுமா? எதிர்லதான் ஆஸ்பத்திரி. அக்காவுக்கு..."

"வெளிய எப்படிப் போவீங்க? இந்த டிக்கெட் படி நீங்க இப்ப ரயில்ல இருக்கீங்க."

"ரயில் போயிடுச்சே."

"போச்சு. நீங்களும் அதுலதான் போயிட்டு இருக்கீங்க. காகிதத்துல அப்படித்தான் இருக்கு. ஓடற ரயில்ல இருக்கற ஆளை நான் எப்படி வெளிய விடறது? விழுந்து அடிபட்டா யாரு பொறுப்பு?"

வேறு யாராவது இருந்திருந்தால் அங்கேயே சத்தம் போட்டிருப்பார்கள். முத்திரைக்கோ அந்தப் பரிசோதகர் மேல் மதிப்பு வந்தது. இப்படி ஒரு ஆள் தன் துறையில் இல்லையே என்றுகூட நினைத்தார். நன்றி சொல்லிவிட்டு விசாரணைக் கவுண்டருக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த அம்மாள் 'பயண இடைநிறுத்த விண்ணப்பம்' என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் மேஜை மின்விசிறிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பார்த்துக் காற்று வீசத் தொடங்கியது.

"எழுதிட்டு சீக்கிரம் குடுங்க. இதுக்கு வேணும்" என்றார்.

நாலு பக்கப் படிவம். தாத்தா பெயர் வரைக்கும் முத்திரை தயங்காமல் எழுதினார். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. 'நடுவில் இறங்கும் முடிவு பயணத்துக்கு முன் எடுக்கப்பட்டதா, பயணத்தின்போது எடுக்கப்பட்டதா?' உள்ளதை எழுதினார்: முன்.

அம்மாள் எட்டிப் பார்த்தார். "முன்னாடின்னு எழுதாதீங்க. இங்க இறங்கணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்க வந்தது இந்த ஊருக்கு. அப்ப உங்க டிக்கெட்டே தப்பு."

"சரி, பயணத்தின்போதுன்னு எழுதறேன்."

"எழுதலாம். ஆனா ஓடற ரயில்ல ஒருத்தருக்குத் திடீர்னு இறங்கணும்னு தோணினா அது எங்க பிரிவு இல்ல. டாக்டர் பாக்கணும். மனசுக்கு."

"அப்ப என்னதாம்மா எழுதறது?"

"ரெண்டையும் அடிச்சுட்டு ஓரத்துல சின்னக் கையெழுத்துப் போடுங்க. போன தடவை ஒருத்தர் அப்படித்தான் பண்ணினார்."

"அவருக்கு அனுமதி கிடைச்சுதா?"

"எங்க? அலைஞ்சு பாத்துட்டு இங்கேயே வேலைக்குச் சேந்துட்டார். அதோ கேட்ல நிக்கறாரே, அவர்தான்."

முத்திரை திரும்பிப் பார்த்தார். பரிசோதகர் யாரோ ஒருவரின் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை இரண்டையும் அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாமா போன் செய்தார். "ரயில் வந்துடுச்சாமே?"

"வந்துடுச்சு மாமா. நானும் வந்துட்டேன். இன்னும் வந்து சேரல."

மறுமுனையில் மாமா பெருமூச்சு விட்டது கேட்டது. முத்திரை எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்.

ஸ்டேஷன் மாஸ்டர் பயணிகள் வசதி பற்றிய கூட்டத்தில் இருந்தார். பயணிகள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. முத்திரை வெளியே நின்றார். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே மேஜை மேல் பெரிய கேடயம் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார்.

"உக்காருங்க" என்றார் அன்பாக. படிவத்தை ஒரு குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். "நடுவுல இறங்கறதுங்கறது சாதாரண விஷயம் இல்ல. ரயில்வே பயணி மேல வச்சிருக்கற நம்பிக்கை அது. ஒருத்தர் பாதி வழில இறங்கிப் போறார், திரும்பி வருவார்னு நாங்க நம்பறோம். பெத்த புள்ளையை யாரு இப்படி நம்பறாங்க? இந்தக் கேடயம் எதுக்குக் குடுத்தாங்க தெரியுமா? ஏழு வருஷமா இந்த நிலையம் ஒரு இடைநிறுத்த விண்ணப்பத்தைக்கூட நிராகரிச்சதில்ல."

முத்திரைக்கு உயிர் வந்தது. "அப்படிங்களா! மொத்தம் எத்தனை வந்துச்சு?"

"முழுசா ஒண்ணும் வரல" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் பெருமையாக. "முழுசா வராததை எப்படி நிராகரிக்க முடியும்? நாங்க யார்கிட்டயும் கடுமையா நடந்துக்கறதே இல்ல. நீட்டா ஒரு படிவம் வச்சிருக்கோம். மிச்சத்தை அது பாத்துக்கும்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க ரயில்லேருந்து இறங்கினதை யார் பாத்தா?"

"நான்தான் சார் இங்க நிக்கறேனே."

"நிக்கறது தெரியுது. இறங்கினது தெரியலையே. இந்த ஊர்க்காரர் ஒருத்தர் எங்கேயோ கிடைச்ச டிக்கெட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி நின்னா?"

"இந்த ஊர்க்காரர் எதுக்கு சார் இந்த ஊர்ல இறங்க அனுமதி கேக்கணும்?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்."

கடைசியில் பெட்டி தூக்கும் ஒருவர் சாட்சி சொன்னார். அவர் பார்த்தது முத்திரையை அல்ல, முத்திரையின் பெட்டியை. ஆகவே 'பெட்டி இறங்கியது, உரிமையாளர் உடன் இருந்திருக்கலாம்' என்று குறிப்பு எழுதப்பட்டது. அடுத்தது காரணம். 'அக்காவின் அறுவை சிகிச்சை' என்று முத்திரை எழுதியிருந்தார்.

"இதுக்கு ஆஸ்பத்திரிச் சான்று வேணுமே. வாங்கிட்டு வந்துடுங்க."

"வாங்க நான் வெளிய போகணும் சார்."

"போயிட்டு வாங்க."

"வெளிய போக அனுமதி கேட்டுத்தானே சார் உங்ககிட்ட வந்திருக்கேன்?"

"அதுக்குத்தானே நானும் சான்று கேக்கறேன்?"

அவர் குரலில் எரிச்சல் துளியும் இல்லை. முத்திரையின் டிக்கெட்டைச் சரிபார்ப்புக்காக டிராயரில் போட்டுப் பூட்டினார். முத்திரை அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே மாதிரி ஒரு சாவி இவர் மேஜையிலும் உண்டு. அதற்கு எதிரே உட்காருவது எப்படி இருக்கும் என்று இதுவரை அவருக்குத் தெரியாது.

மணி இரண்டரை. மாமாவுக்குப் போன் செய்து சான்று வேண்டும் என்றார். "நாலு நிமிஷ நடை மாப்ள" என்றார் மாமா. "தெரியும் மாமா" என்றார் இவர்.

காத்திருக்க முடியாமல் மறுபடியும் வாயிலுக்கு ஓடினார். பரிசோதகர் கையை நீட்டினார். "டிக்கெட்?"

"உள்ள வாங்கி வச்சுட்டாங்க."

"அப்ப டிக்கெட் இல்லாம பிளாட்பாரத்துல நிக்கறீங்க. அது குற்றம். ஒரு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கங்க."

"எங்க எடுக்கணும்?"

"வெளிய."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. முத்திரையின் மரியாதை, படிப்பு, பதவி எல்லாம் அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது. கை கூப்பினார். இருபத்தைந்து வருஷத்தில் கடைக்காரர்கள் இவரைப் பார்த்துக் கூப்பிய கைகள் எத்தனையோ. இவர் கூப்பியது இதுதான் முதல் தடவை.

"அய்யா, அக்கா உசுருக்குப் போராடிட்டு இருக்கா. அதோ அந்தப் பச்சைத் திரை. ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டு ஓடி வந்துடறேன். நீங்களும் ஒரு காலத்துல நடுவுல இறங்கினவர்தானாம்."

பரிசோதகர் முகம் மாறியது. "யார் சொன்னா?... ஆமா. தங்கச்சி கல்யாணத்துக்கு."

"போனீங்களா?"

"அவ பொண்ணுக்கே இப்ப கல்யாணம் ஆயிடுச்சு." அவர் கையிலிருந்த டிக்கெட்டுகளை அடுக்கினார். "எங்கிட்ட கேக்காதீங்க. உங்களை இன்னிக்கு விட்டுட்டேன்னா, அன்னிக்கு நான் ஏன் நின்னேன்னு எனக்கு நானே பதில் சொல்லணும். என்னால ஆகாது."

மூன்றேகாலுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து "மாப்ள" என்று ஒரு குரல். மாமா. பதினோரு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் சான்று.

"மாமா! கேட்ல விட்டாங்களா?"

"கேட்டா? சரக்குக் கொட்டாய்க்குப் பின்னாடி சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு. ஊரே அது வழியாத்தான் வருது, போகுது. வாங்க, போயிடலாம். அவ கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கா."

முத்திரை சரக்குக் கொட்டாய்ப் பக்கம் பார்த்தார். கால் ஒரு எட்டு வைத்தது. அப்புறம் நின்றுவிட்டது. சனிக்கிழமை மேடை, சான்றிதழ், அப்பழுக்கற்ற என்ற சொல். எல்லாவற்றையும் விட, குறுக்கு வழியில் போனதே இல்லை என்று ஒரு ஆயுள் முழுக்கச் சொல்லி வந்த பெருமை.

"சான்று வந்துடுச்சு இல்ல மாமா, இனிமே கையெழுத்துதான். அஞ்சு நிமிஷம். முறைப்படியே வந்துடறேன்."

மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். தராசின் கழுத்தில் இவர் கம்பி சுற்றியபோது பார்த்தாரே, அதே பார்வை. "சான்றை அவன் கையில குடுக்காதீங்க, அவன் கையைப் புடிச்சு இழுத்துட்டு வாங்கன்னு சொன்னா உங்க அக்கா. நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

ஸ்டேஷன் மாஸ்டர் சான்றை மூன்று தடவை படித்தார். எழுந்து நின்று கை கொடுத்தார். "வாழ்த்துக்கள். இந்த நிலையத்தோட முதல் முழு விண்ணப்பம் உங்களோடதுதான். அனுமதி குடுத்தாச்சு." பேனாவை எடுத்து எழுதினார். "நாளைக்குக் காலைல ஆறு மணிலேருந்து."

"ஆபரேஷன் இன்னிக்கு அஞ்சு மணிக்கு சார்."

"தெரியுமே, சான்றுல போட்டிருக்கு. ஆனா அனுமதி எப்பவும் மறுநாள்லேருந்துதான். உங்களுக்கு முழுசா நாப்பத்தெட்டு மணி நேரம் கிடைக்கணும், ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதுன்னு யோசிச்சு வச்ச ஏற்பாடு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"அதுவரைக்கும் நீங்க பயணத்துல இருக்கீங்க. காத்திருப்பு அறை இருக்கு, அங்க உக்காந்து பயணம் பண்ணுங்க. ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி இருக்கு, அதுல உக்காருங்க."

முத்திரை காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மருத்துவமனை அசையாமல் நின்றது. நாலு பத்துக்குப் போன் அடித்தது. மாமாவின் எண்தான், ஆனால் பேசியது மாமா இல்லை.

"டேய்."

பதினோரு வருஷம். "அக்கா."

"எங்கடா இருக்க?"

"ஸ்டேஷன்லக்கா. எதிர்லதான். உன் ஜன்னல் தெரியுது, பச்சைத் திரை."

"திரையைப் பாக்கவா உன்னை வரச் சொன்னேன்?"

"அனுமதி குடுத்துட்டாங்கக்கா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு..."

அக்கா மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குக் காலைல நான் இருக்கறதுக்கு யார்கிட்டடா விண்ணப்பம் போடறது? நாலரைக்கு வண்டி கொண்டு வர்றாங்க."

போன் நின்றது. முத்திரை எழுந்தார். பெட்டியை அங்கேயே விட்டார். விதிப் புத்தகம் பெட்டிக்குள் இருந்தது.

சரக்குக் கொட்டாய்க்குப் பின்னால் சுவரில் ஓட்டை இருந்தது. அதற்கு முன்னால் ஆறு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்த நிலையத்தில் ஒழுங்காக நகர்ந்த ஒரே வரிசை அதுதான். முத்திரை கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் ஒரு கையில் குடையும் மறுகையில் சாப்பாட்டு டப்பாவும் வைத்திருந்தார். அவர் முறை வந்ததும் குனிந்து அந்தப் பக்கம் போய், திரும்பி, அக்கறையாகச் சொன்னார்: "தலையைக் குனிஞ்சு வாங்க. மேல கம்பி நீட்டிட்டு இருக்கு."

ஸ்டேஷன் மாஸ்டர்.

"சார், நீங்களா?" என்றார் முத்திரை பாதி உடம்பு ஓட்டைக்குள் இருக்க.

"ஷிஃப்ட் முடிஞ்சுபோச்சு. நீங்க போங்க, நான் ஒண்ணும் பாக்கல."

"நீங்க எதுக்கு சார் இது வழியா?"

"கேட் வழியாப் போனா அந்த ஆள் டிக்கெட் கேக்கறாருங்க" என்றார் அவர் வருத்தமாக. "நான் எங்க போவேன் டிக்கெட்டுக்கு?"

முத்திரை தலையை நிமிர்த்திவிட்டார். கம்பி நெற்றியைக் கிழித்தது. சட்டை கிழிந்தது. அவர் நிற்கவில்லை. சாலையைக் கடந்து, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மூன்றாவது மாடிக்கு ஏறினார். நடையின் கோடியில் தள்ளுவண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மாமா பக்கத்தில் நடந்தார்.

"அக்கா!"

வண்டியைத் தள்ளியவர் நின்றார். வெள்ளைப் போர்வைக்குள் அக்கா பாதியாகச் சுருங்கியிருந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"நெத்தில என்னடா ரத்தம்?"

"கம்பி குத்திடுச்சுக்கா."

"எந்தக் கம்பி?"

"சுவர் ஓட்டைல நீட்டிட்டு இருந்துச்சு."

"ஓட்டை வழியாவா வந்தே?" அக்கா தலையைத் தூக்கப் பார்த்தாள். "நீயா? அனுமதி இல்லாமயா?"

"ஆமாக்கா."

அக்கா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு, ஆனால் போர்வை குலுங்கியது. "கேட்டீங்களா?" என்றாள் மாமாவைப் பார்த்து. "உங்க மச்சினன் அனுமதி இல்லாம வந்திருக்கான்." மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, அந்தத் தராசு... அன்னிக்கு நான்..."

அக்கா போர்வையின் நுனியால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டா. போயிட்டு வர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. ஏழு பத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். அக்கா வரவில்லை.

காலை பதினொன்று இருபதிலிருந்து முத்திரையின் கையில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதில் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு நிமிஷம். மிச்சத்தை நிலையம் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டது. பாவி, ஓட்டை வழியாக மூன்றேகாலுக்கே போயிருக்கலாம். அதை நினைத்துத்தான் அவர் அதிகம் அழுதார்.

இரண்டு மாதம் கழித்து ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. துறைக்கும் ஒரு நகல் போயிருந்தது. 'தங்கள் இடைநிறுத்தத்துக்கான காரணம் "அக்காவின் அறுவை சிகிச்சை" எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. மேற்படி காரணம் அன்று இரவு 7.10 மணிக்கே முடிவடைந்துவிட்டதாகத் தெரிய வருவதால், மறுநாள் காலை 6 மணி முதல் வழங்கப்பட்ட அனுமதி காரணமின்றிப் போய் ரத்தாகிறது. மேலும், தாங்கள் நிலையத்தை விட்டு வெளியேறியதாக வாயில் பதிவேட்டில் பதிவு இல்லாததால், தாங்கள் இன்றுவரை காத்திருப்பு அறையில் தங்கியிருப்பதாகவே கருதப்படுகிறது. அளவுக்கு மேல் தங்கியதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கவும்.'

முத்திரை உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். பச்சைத் திரையை எழுதினார், ஓட்டையை எழுதினார், அக்கா சிரித்ததை எழுதினார். அலுவலகத்துக்கு அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் எழுதினார். பத்தாம் நாள் பதில் வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை அக்கா ஊருக்கே டிக்கெட் எடுத்துப் போனார்.

மாமா கடையில் ஆள் இல்லை. மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். மேஜை டிராயரைத் திறந்து, அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே வரிகள்தான் இருந்தன. 'தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. ஏற்புடையதாக இல்லை.' பழுப்புக் காகிதத்தில் முத்திரையின் கையெழுத்து இன்னும் மங்காமல் இருந்தது.

"இதைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்லி வச்சிருந்தா உங்க அக்கா" என்றார் மாமா. "என்னிக்காவது அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வரும், அப்ப பக்கத்துல வச்சுக் காட்டுங்க. ஆனா திட்டாதீங்கன்னா."

முத்திரை இரண்டு காகிதத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தத் தராசு எங்க மாமா?"

மூலையில், கோணிக்கு அடியில் இருந்தது. கழுத்தில் கம்பியும் ஈயமும் அப்படியே. மாமா வேறு தராசு வாங்கி வியாபாரம் செய்துகொண்டிருந்தார், இதை யாரும் தொடவில்லை. முத்திரை பையிலிருந்து குறடு எடுத்தார்.

"படிவம் ஏதாவது எழுதணுமா?" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா."

கம்பியை வெட்டினார். ஈயக் குண்டு உருண்டு ஆணிப் பெட்டிக்குக் கீழே போனது. தராசைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். பதினோரு வருஷமாகக் கட்டிக் கிடந்த தட்டுகள் இரண்டும் கொஞ்ச நேரம் ஆடின. அப்புறம் அரை ஆணி அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

முத்திரை அதைப் பார்த்தார். மாமா முத்திரையைப் பார்த்தார். முத்திரை கையிலிருந்த குறட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.